கரணமும் சட்டமும்: திருமண வரையறை பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

திருமணம் என்பது யாது என வினவுவார்க்கு விடை கூறுதல் எளிது போலத் தோன்றும். ஊர்தோறும் நாள்தோறும் நிகழ்வதொன்றன் பொருளில் ஐயம் எழுதற்கு இடன் யாது எனப் பலரும் கருதுவர். ஆயினும், அச்சொல்லைச் சட்டத்தால் வரையறுக்கப் புகுந்தபோதெல்லாம் ஐயமும் வழக்கும் எழுந்தன என்பதே வரலாறு காட்டும் உண்மையாகும். 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் 18ஆம் நாள் தொடங்கி மே 11ஆம் நாள் முடியப் பத்து நாள்கள் இந்திய உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு ஒரு வழக்கினைக் கேட்டது. ஆண் இருவரோ பெண் இருவரோ இணைந்து வாழ்தலை நாட்டின் சட்டம் திருமணமாக ஏற்றல் வேண்டுமா என்பதே அவ்வழக்கின் பொருள். அக்டோபர் 17ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. இவ்வினா வழக்கறிஞர்க்கே உரியதன்று. சொல்லின் பொருளையும் மரபின் வரலாற்றையும் ஆராய்வார் அனைவர்க்கும் உரியதே.

அவ்வழக்கில் இரு திறத்தாரும் மரபினைச் சான்றாக அழைத்தனர். ஒரு சாரார், திருமணம் என்றும் ஆண், பெண் ஆகிய இருவர் இணைப்பாகவே இருந்துவந்தது என்றனர். மற்றொரு சாரார், திருமணம் காலந்தோறும் மாறிவந்தது என்றனர். இவ்விரு கூற்றும் ஒருங்கே உண்மையாதல் கூடும் என்பதனை யாம் முதற்கண் சுட்ட விரும்புகின்றோம். மாறியது எது, மாறாதது எது எனப் பிரித்தறிதல் வேண்டும். அதற்கு மூன்று வினாக்களைத் தனித்தனியே வைத்து நோக்குதல் நலம். எவ்வாறு மணப்பது என்பது முதல் வினா. எவரெவர் மணத்தற்குரியர் என்பது இரண்டாவது. இவ்விரண்டனையும் வரையறுக்கும் உரிமை எவர்க்கு உண்டு என்பது மூன்றாவது. முதல் வினாவிற்குத் தமிழகம் விடை கண்ட வரலாறு, இரண்டாம் வினாவினை ஆராய்வார்க்கு யாது கற்பிக்கின்றது என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியம் காட்டும் கரணம்

தமிழில் திருமணத்திற்கு வரையறை கூறும் பழைய நூல் தொல்காப்பியமே. பொருளதிகாரத்துக் கற்பியலின் முதல் நான்கு நூற்பாக்களை ஒருங்கு நோக்குதல் வேண்டும். கொள்ளுதற்குரிய மரபினையுடைய தலைவன், கொடுத்தற்குரிய மரபினர் கொடுப்பத் தலைவியைக் கரணத்தொடு கொள்வதே கற்பு என்பது முதல் நூற்பாவின் கருத்து. கரணமாவது வதுவைச் சடங்கு. இவ்வரையறையில் கொள்வோன், கொள்ளப்படுவோள், கொடுப்போர், சடங்கு என நான்கு உறுப்புகள் உள.

ஆயின், அடுத்த நூற்பாவிலேயே அவற்றுள் ஒன்று நீங்குகின்றது. தலைவனும் தலைவியும் உடன்போக்கு மேற்கொண்ட விடத்துக் கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டு என்கின்றார் ஆசிரியர். பெற்றோரின் உடன்பாடு மணத்தின் இன்றியமையா உறுப்பன்று என்பது இதனாற் பெறப்படும். மூன்றாம் நூற்பா, மேலோர் மூவர்க்கு அமைத்த கரணம் கீழோர்க்கும் ஆகிய காலம் உண்டு என்கின்றது. மேலோர் மூவர் எவர், கீழோர் எவர் என்பதிலும், இந்நூற்பாவின் தொன்மையிலும் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறு கொள்ளினும், கரணம் ஒரு காலத்து ஒரு சாரார்க்கே உரியதாயிருந்து பின்னர்ப் பிறர்க்கும் விரிந்தது என்னும் செய்தி அதில் அடங்கியிருத்தல் வெளிப்படை.

நான்காம் நூற்பாவே நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. பொய்யும் வழுவும் உலகில் தோன்றிய பின்னரே பெரியோர் கரணத்தினை வகுத்தனர் என்று அது கூறுகின்றது. பொய்யென்பது தான் செய்ததனை மறைத்தல் என்றும், வழுவென்பது செய்ததன்கண் இறுதிவரை நில்லாது தப்பி ஒழுகுதல் என்றும் இளம்பூரணர் உரை விளக்குகின்றது. கூடிய ஒருவன் கூடவில்லை என மறுப்பின், அன்றிக் கைவிட்டு அகலின், இன்னலுறுவார் ஒருவர் உளர். அவரைக் காத்தற்பொருட்டே வரையறை வந்தது. எனவே, இருவர் வாழ்வு முற்பட்டது, கரணம் பிற்பட்டது, தீங்கு நேர்ந்தமையே கரணத்திற்குக் காரணம் எனத் தொல்காப்பியனார் கருதினார் என்க. வரையறையை முதலிலும், அதன் விலக்கினையும் விரிவினையும் இடையிலும், அதன் காரணத்தை இறுதியிலும் அவர் வைத்த முறை நோக்கத்தக்கது. காரணத்தை அறியாதார் வரையறையை மட்டும் பற்றி நிற்பர்.

ஈண்டு ஒன்று தெளிவுறுத்தல் வேண்டும். தொல்காப்பியனார் கூறும் இணை ஆணும் பெண்ணுமே. கிழவன், கிழத்தி என்னும் சொற்களை விடுத்துப் பிறிதோர் இணையினை அவர் கூறினாரல்லர். அங்ஙனம் கூறினார் எனப் பொருள் காண முயல்வது நூலுக்கு நாம் இழைக்கும் தீங்காகும். அதேபோல், அவர் காலத்து எழாத வினாவிற்கு அவர் எதிர்விடை கூறிவிட்டார் எனக் கொள்வதும் பிழையேயாம்.

சடங்கின் வேற்றுமை

முதல் வினாவாகிய மணமுறையில் தமிழ் மரபு பன்முறை மாறியுள்ளது. நல்லாவூர் கிழாரின் அகநானூற்றுப் பாடலிலும் (86), விற்றூற்று மூதெயினனாரின் பாடலிலும் (136) மணவிழா விரித்துரைக்கப்படுகின்றது. புதுமணல் பரப்பிய பந்தரும், நல்ல நாளும், உணவும், நீராட்டும் அவற்றிற் காணப்படுகின்றன. மகப்பெற்ற மகளிர் நால்வர் கூடி மணமகளை நீராட்டி வாழ்த்துவதனை 86ஆம் பாடல் காட்டுகின்றது. அவ்விரு பாடல்களிலும் எரி வளர்த்தல் இல்லை, மறையோதுவார் இல்லை. சிலப்பதிகாரத்து மங்கல வாழ்த்துப் பாடலிலோ முதிய பார்ப்பான் மறைவழி காட்டக் கோவலனும் கண்ணகியும் தீவலம் வருகின்றனர். இரண்டும் தமிழர் திருமணமே. முன்னதனைத் தமிழர் மணம் எனவும் பின்னதனை அயலார் மணம் எனவும் பிரித்து வழக்காடுதல் ஈண்டு நம் வேலையன்று. ஒரே நிலத்தில் மணமுறை ஒன்றாய் நிலைத்ததில்லை என்பதே ஈண்டு வேண்டுவது.

ஆங்கிலேயர் காலச் சட்டம்

ஆங்கிலேயர் ஆட்சியில் ஒவ்வொரு சமயத்தார்க்கும் அவரவர் சமயச் சட்டமே மணச் சட்டமாயிற்று. எச்சமயச் சடங்கினையும் ஏலாதார்க்கு இடமில்லை. வங்காளத்தில் கேசவ சந்திர சென்னின் தலைமையில் பிரம சமாசத்தார் எழுப்பிய குரலின் பயனாக 1872ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டம் பிறந்தது. ஆயின், அச்சட்டத்தின்படி மணப்போர், தாம் இந்து, கிறித்தவ, இசுலாமிய, பௌத்த, சமண, சீக்கிய, பார்சி, யூத சமயங்களுள் எதனையும் சார்ந்தவரல்லர் என உறுதிமொழிதல் வேண்டியிருந்தது. மணத்தின்பொருட்டுச் சமயத்தைத் துறக்க வேண்டிய நிலை அது. 1923ஆம் ஆண்டு அரிசிங் கௌர் கொணர்ந்த திருத்தம், இந்துக்கள், பௌத்தர், சீக்கியர், சமணர் ஆகியோர் தம்முள் மணந்துகொள்ள வழி திறந்தது. விடுதலைக்குப் பின் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் அவ்வுறுதிமொழியை அறவே நீக்கி, எச்சமயத்தாரும் தம் சமயத்தைத் துறவாமலே மணக்க இடந்தந்தது. 2023ஆம் ஆண்டு வழக்கில் ஆராயப்பட்டது முதன்மையாக இச்சட்டமே. இதன் நான்காம் பிரிவு பற்றிப் பின்னர்க் கூறுவாம்.

சுயமரியாதைத் திருமணமும் 1967ஆம் ஆண்டுச் சட்டமும்

1920களின் இறுதியில் பெரியார் ஈ.வெ. இராமசாமி தோற்றுவித்த சுயமரியாதை இயக்கம் புரோகிதர் இல்லாத மணமுறையினைத் தமிழகத்தில் பரப்பலாயிற்று. 1929ஆம் ஆண்டு பிப்பிரவரியில் செங்கற்பட்டில் நடந்த முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு மணமுறையும் பெண்களின் சொத்துரிமையும் பற்றித் தீர்மானங்கள் இயற்றியது. பின்னர் ஊர்தோறும் இத்தகைய மணங்கள் நிகழ்ந்தன. தலைவர் ஒருவர் முன்னிலையில் மணமக்கள் உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொள்வர், வாழ்த்துரைகள் நிகழும், அவ்வளவே.

அவ்வாறு மணந்தோரும், அவர்தம் உற்றாரும், ஊராரும் அதனைத் திருமணமாகவே கொண்டனர். சட்டம் அவ்வாறு கொள்ளவில்லை. 1930களில் நடந்த அத்தகைய மணமொன்று பற்றிய வழக்கில் 1953ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் அம்மணம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. சாத்திரம் வேண்டும் சடங்குகள் அதில் நிகழவில்லை. வழக்காறு எனக் கொள்ளுதற்கும் அது தொன்மையுடையதன்று. அண்மையில் தோன்றிய முறையொன்றினை வழக்காறாக ஏற்க இயலாது என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. நடுநிலையோடு நோக்கின், நீதிமன்றம் தன் எல்லைக்குள் நின்றே கூறியது எனலாம். ஆயினும் அதன் விளைவு யாது? இயக்கத்தின் கொள்கை மீது அன்று. வீட்டினுள் வாழ்ந்த பெண்டிர் மீதும் மக்கள் மீதும் அத்தீர்ப்பின் சுமை விழுந்தது. மனைவி என வாழ்ந்தவள் சட்டத்தின் கண்ணில் மனைவியல்லள். பிறந்த மகன் முறையாகப் பிறந்தவனல்லன். கணவன் இறப்பின் சொத்திற்கு உரிமை கோருதற்கு வழியில்லை. பொய்யும் வழுவும் பற்றித் தொல்காப்பியனார் கூறிய இடர், வேறு வடிவில் மீண்டது.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் இக்குறையினைத் தீர்க்கவில்லை. அதன் ஏழாம் பிரிவு, மணமக்களுள் ஒருவரது குலத்தின் வழக்காற்றுச் சடங்கினை வேண்டி நின்றது. 1967ஆம் ஆண்டு அறிஞர் அண்ணா முதலமைச்சரானபின் தமிழகச் சட்டமன்றம் திருத்தமொன்று இயற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று 1968ஆம் ஆண்டு சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதனாற் சேர்ந்த 7-அ பிரிவின்படி, உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் இரு இந்துக்கள் தமக்கு விளங்கும் மொழியில் ஒருவரை ஒருவர் கணவன், மனைவியாக ஏற்பதாகக் கூறினும், மாலையோ மோதிரமோ அணிவித்தாலும், தாலி கட்டினும் மணம் நிறைவேறும். இம்மூன்றனுள் எதுவும் போதும். சட்ட வாசகத்தில் அவற்றினிடையே நிற்பது ‘அல்லது’ என்னும் சொல். அது ‘உம்’ என இருந்திருப்பின், தாலியில்லா மணம் மணமன்று என்றாகியிருக்கும். ஓர் இடைச்சொல்லின் வலிமை இத்துணைத்து.

அச்சட்டத்தின் மற்றொரு கூறு இதனினும் சிறந்தது. சட்டம் வருமுன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும், அவை நடந்த நாள்தொட்டே செல்லுபடியாகும் எனச் சட்டமன்றம் விதித்தது. ஒரு சட்டம் முன்னோக்கியே செல்லுதல் பொதுவிதி. இச்சட்டம் பின்னோக்கியும் சென்றது. இருவர் மணந்தது உண்மை. அதனை ஏலாதிருந்தது சட்டத்தின் குறை. குறை நீங்கியபின் அவர்கள் மணந்த நாளே அவர்தம் மணநாள் என்பது இதன் கருத்து. 1953க்கும் 1968க்கும் இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் இறந்தோர் இதனை அறியாதே இறந்தனர்.

‘மணமகள்’ என்னும் சொல்

இதுகாறும் கூறியது எவ்வாறு மணப்பது என்னும் முதல் வினா பற்றியதே. எவரெவர் மணப்பது என்னும் இரண்டாம் வினா தமிழகத்தில் எழுந்தபோது, அது ஒரு சொல்லின் பொருள் பற்றியதாக எழுந்தது. 2018ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் தூத்துக்குடிக் கோயிலொன்றில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் மணந்தனர். பதிவு அலுவலர் பதிவு செய்ய மறுத்தனர். இந்து திருமணச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு மணமகன், மணமகள் என்னும் சொற்களை ஆள்கின்றது. திருநங்கை மணமகளாவாரா என்பதே வழக்கு. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்பிரல் 22ஆம் நாள் தீர்ப்பளித்தார். மணமகள் என்னும் சொல்லுக்கு என்றும் மாறாத ஒரே பொருள் இல்லை. இன்றைய சட்டநிலையின் ஒளியில் அதனைக் காணுதல் வேண்டும். எனவே திருநங்கையும் மணமகளே என்பது தீர்ப்பின் சாரம். தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து கூறும் உரிமையினை 2014ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் ஏற்றிருந்தது இதற்கு அடிப்படையாயிற்று.

இலக்கணம் பயில்வார்க்கு இவ்வழக்கு புதிதன்று. ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயர்க்குத் தனியே ஈறு இல்லை எனவும், அது உயர்திணைப் பால் ஈறுகளையே கொள்ளும் எனவும், ஆண்பால் ஈற்றொடு இயையாது எனவும் கிளவியாக்கம் கூறுகின்றது. பவணந்தியார் நன்னூலில் ஒரு படி மேற்சென்றார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவாரை ஆண்பாலிலும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவாரைப் பெண்பாலிலும் அவர் அடக்கினார். உடலன்றி விழைவே பாலினைத் தீர்மானிக்கும் என்னும் கருத்து இதில் உள்ளமை வியப்புக்குரியது. எனினும், அதே நூற்பா அவ்விரு திறத்தாரும் அஃறிணை போலவும் ஆளப்படுவர் என முடிகின்றது. ஒரு கையால் பாலினைத் தந்து மறுகையால் திணையினைப் பறிக்கும் இடம் அது. மரபினைச் சான்று காட்டுவார் இவ்விரண்டனையும் மறையாது காட்டுதல் கடன்.

‘எவரேனும் இருவர்’

மேற்கூறிய 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பும் ஆண், பெண் என்னும் இணைக்குள்ளேயே நின்றது. ஒத்த பாலினத்தார் இருவர் பற்றிய வினா 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாளுக்குப் பின்னரே எழ இயன்றது. 1860ஆம் ஆண்டுத் தண்டனைத் தொகுப்பின் 377ஆம் பிரிவு அவர்தம் கூட்டத்தைக் குற்றமாக்கியிருந்தது. உடன்பட்ட அகவை வந்தோரைப் பொறுத்தவரை அது செல்லாது என அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றமாக இருந்தது நீங்கியபின், உரிமை யாது என்னும் வினா எழுதல் இயல்பே.

சிறப்புத் திருமணச் சட்டத்தின் நான்காம் பிரிவு, எவரேனும் இருவர் மணக்கலாம் எனத் தொடங்குகின்றது. அதே பிரிவு, ஆணுக்கு 21 அகவையும் பெண்ணுக்கு 18 அகவையும் நிரம்பியிருத்தல் வேண்டும் எனத் தொடர்கின்றது. தொடக்கத்தின் பொதுச்சொல் தொடர்ச்சியின் சிறப்புச்சொல்லால் வரையறுக்கப்படுமா, அன்றிச் சிறப்புச்சொல்லே பொதுச்சொல்லுக்கு ஏற்ப விரியுமா என்பதே வழக்கின் நுட்பம். மனுதாரர், கணவன், மனைவி என வருமிடங்களை வாழ்க்கைத் துணைவர் எனக் கொள்ளுமாறு வேண்டினர். ஒன்றிய அரசோ, திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே நிகழ்வது; அதனைச் சார்ந்து பல சட்டங்கள் பின்னிக் கிடக்கின்றன; அவற்றை மாற்றுதல் பாராளுமன்றத்தின் பணி என வாதிட்டது. இது நகரத்து மேட்டுக்குடியினரின் கருத்தே என்றும் அதன் மனு ஒன்று கூறியது.

தலைமை நீதிபதி த.ய. சந்திரசூட், நீதியரசர்கள் ச.கி. கௌல், எஸ். இரவீந்திர பட், ஹிமா கோலி, பி.எஸ். நரசிம்மா ஆகிய ஐவரும் இரண்டு செய்திகளில் ஒன்றுபட்டனர். அரசியல் சாசனத்தில் மணத்தற்கென அடிப்படை உரிமை இல்லை என்பது ஒன்று. சிறப்புத் திருமணச் சட்டத்தின் சொற்களை நீதிமன்றம் மாற்றிப் படித்தல் சட்டம் இயற்றுவதாகும் என்பது மற்றொன்று. ஆணாகவோ பெண்ணாகவோ தம்மை உணரும் திருநரர், மாற்றுப் பாலினத்தாரை மணத்தற்கு நடப்புச் சட்டத்திலேயே உரிமையுடையர் என்பதனையும் அனைவரும் ஏற்றனர். வேறுபாடு எழுந்தது பிறிதோரிடத்தில். திருமணம் எனப் பெயரிடாவிடினும் இணைந்து வாழ்தலை அரசு ஏற்று உரிமைகள் வழங்குதல் வேண்டும் எனவும், இணையராகக் குழந்தையைத் தத்தெடுக்கத் தடை கூடாது எனவும் தலைமை நீதிபதியும் கௌலும் கருதினர். மற்ற மூவரும் அதனை ஏற்றிலர். ஆயினும், சட்ட ஏற்பு இன்மையால் இவ்விணையர் உறும் இன்னலை அப்பெரும்பான்மைத் தீர்ப்பும் மறுக்கவில்லை. ஆராய்தற்கு அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் குழுவொன்று அமைக்கப்படும் என்னும் அரசின் உறுதியை நீதிமன்றம் பதிவு செய்தது.

இத்தீர்ப்புக்கு ஏறத்தாழ ஏழு கிழமைகளுக்கு முன்னர், 2023 ஆகஸ்டு 28ஆம் நாள், நீதியரசர் இரவீந்திர பட் இடம்பெற்ற மற்றோர் அமர்வு தமிழகத்தின் 7-அ பிரிவு பற்றித் தீர்ப்பளித்தது. அப்பிரிவின்படி நிகழும் மணத்திற்கு ஊரறிய விழாவெடுத்தல் வேண்டியதில்லை. குடும்பத்தாரின் எதிர்ப்புக்கு அஞ்சி மணப்போர்க்கு அது கூடாமையும் உண்டு என அது கூறியது. எவ்வாறு மணப்பது என்பதில் இருவரின் உடன்பாடே போதும் என்னும் அளவிற்குச் சட்டம் வந்துவிட்டது. எவரெவர் மணப்பது என்பதில் அது நின்ற இடத்திலேயே நிற்கின்றது.

தீர்ப்புக்கு முன்னும் பின்னும்

மேட்டுக்குடியினரின் கருத்து என்னும் கூற்றினைத் தமிழக வழக்குகளோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையினின்று சென்னைக்கு வந்த இளம்பெண் இருவர் வழக்கில், 2021 சூன் 7ஆம் நாள் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேசு வழங்கிய ஆணை நாடெங்கும் கவனிக்கப்பட்டது. தமக்கு இப்பொருளில் போதிய அறிவில்லை என வெளிப்படையாகக் கூறி, உளவியல் அறிஞரிடம் கேட்டறிந்த பின்னரே அவர் ஆணை பிறப்பித்தார். காவல்துறை இத்தகையோரைத் துன்புறுத்தலாகாது என்பதும், ஒருவரின் பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சி கூடாது என்பதும் அதிற் கண்டவை. அவ்வழக்கின் தொடர்ச்சியாகவே, இத்தகையோரைக் குறிக்கும் மதிப்புறு சொற்களின் தொகுதியொன்றினைத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டு வெளியிட்டது. வசைச்சொல் அன்றி வேறு சொல் இல்லாத இடத்தில் உரிமை பேச இயலாது. சொல்லாக்கமும் நீதியின் ஒரு பகுதியாதல் இதனால் விளங்கும்.

மைய அரசு 2024 ஏப்பிரலில் குழுவினை அமைத்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் சில விளக்கங்கள் வெளிவந்தன. இத்தகைய இணையரை ஒரே குடும்ப அட்டைக்கு ஒரே வீட்டாராகக் கொள்ளலாம்; வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கி ஒருவர்க்கு மற்றவரைப் பெயர்நியமிக்கத் தடையில்லை; நெருங்கிய உறவினர் இல்லாதவிடத்து இறந்தவரின் உடலை இணையர் பெறலாம் என்பன அவை. இவை சிறியனவாகத் தோன்றலாம். ஆயினும், ஓர் அட்டையில் பெயரின்றியும், மருத்துவமனை வாயிலில் உரிமையின்றியும் நின்றவர்க்கு அவை சிறியன அல்ல. தீர்ப்பினை மறு ஆய்வு செய்யக் கோரிய மனுக்களை 2025 சனவரி 9ஆம் நாள் உச்சநீதிமன்றம் தள்ளியது. அவ்வாண்டு மே 22ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதியரசர்கள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், பெற்றோரால் தடுத்து வைக்கப்பட்ட இளம்பெண் தன் தோழியோடு செல்லலாம் என ஆட்கொணர்வு மனு ஒன்றில் தீர்ப்பளித்தனர். குடும்பம் அமைத்தற்குத் திருமணம் ஒன்றே வழியன்று. தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் உண்டு என அவர்கள் கூறினர். மணம் இல்லை, குடும்பம் உண்டு என்னும் நிலையிற் சட்டம் நிற்கின்றது.

இருவகை வரையறை

பிற நாட்டு வரலாறும் ஒரு செய்தியைத் தெளிவாக்குகின்றது. அமெரிக்க நாட்டில் 1996ஆம் ஆண்டு வரை ஒன்றியச் சட்டம் திருமணத்தினை வரையறுத்ததில்லை. அவாய் மாநில நீதிமன்றம் 1993ஆம் ஆண்டு ஒத்த பாலினத்தார் மணத்திற்கு வழி திறக்கும்போல் தோன்றிய பின்னரே, திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையது என்னும் வரையறையினை அந்நாட்டுப் பேரவை இயற்றியது. வேறு நாட்டில் முறையாக மணந்து, துணையை இழந்த மூதாட்டி ஒருவர், அச்சட்டத்தால் மனைவியென ஏலப்படாமையின் 3,63,053 டாலர் மரபுரிமை வரி செலுத்த நேர்ந்தது. 2013ஆம் ஆண்டு அவர் வழக்கில் அவ்வரையறை செல்லாதாயிற்று. 2015ஆம் ஆண்டு நாடெங்கும் மணவுரிமை வந்தது. தாய்லாந்திலோ நீதிமன்றமன்றிப் பாராளுமன்றமே கணவன், மனைவி என்னும் சொற்களை மாற்றிப் பொதுச்சொல் அமைத்தது; 2025 சனவரியில் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இவற்றால், வரையறை இருவகைப்படும் என யாம் கொள்கின்றோம். தீங்குற்றாரைக் காத்தற்கு வருவது ஒன்று. வரவிருப்பாரை விலக்குதற்கு வருவது மற்றொன்று. இரண்டும் வழக்கு எழுந்த பின்னரே தோன்றுதலின், தோற்றத்தில் ஒத்திருக்கும். பயன் நோக்கியே அவற்றை வேறுபடுத்தல் வேண்டும். தொல்காப்பியனார் கூறிய கரணமும் 1967ஆம் ஆண்டுத் திருத்தமும் முன்னதன் பாற்படும். 1996ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் பின்னதன் பாற்படும்.

முடிவுரை

சுயமரியாதைத் திருமண வரலாறு ஒத்த பாலினத்தார் வழக்குக்கு முழுதும் ஒப்பாகாது என ஒருவர் கூறலாம். அது மெய்யே. முன்னது மணமுறையை மாற்றியது, மணப்போரை மாற்றியதன்று. ஆயினும் இரு வரலாறுகளும் மூன்றாம் வினாவில் ஒன்றுகூடுகின்றன. 1953இல் நீதிமன்றம், வழக்காறு இன்மையின் ஏற்க இயலாது என்றது. 2023இல், சட்டத்தின் சொல் இடந்தராமையின் ஏற்க இயலாது என்றது. இரு முறையும் பொறுப்பு சட்டமியற்றும் மன்றத்தின்பாற் சென்றது. முதன்முறை அம்மன்றம் விடை கூறப் பதினைந்து ஆண்டுகள் சென்றன.

மரபு அழியும் என்னும் அச்சம் 1967இலும் இருந்தது. தீவலம் வந்து மணப்போர் இன்றும் அவ்வாறே மணக்கின்றனர். 7-அ பிரிவு எவரது அக்கினியையும் அணைக்கவில்லை. பாராளுமன்றம் இப்பொருளை ஆராயும் நாளில், கணவன், மனைவி, துணைவர், இணையர், மணமகள் என்னும் சொற்கள் ஒவ்வொன்றும் எடைபோடப்படும். அச்சொற்களின் வரலாற்றைப் புனைந்துரையும் மறைப்பும் இன்றி எடுத்துவைத்தல் தமிழாராய்வார் கடன். 1967ஆம் ஆண்டின் சட்டமன்றம் செய்தது போலப் பின்னோக்கிச் சென்று, அதுவரை ஏலப்படாது வாழ்ந்தோரின் நாள்களையும் எண்ணுதல் வேண்டுமா என்பதும் அன்று எழும் வினாக்களுள் ஒன்றாகும். அதற்கு விடை காண்பார் கற்பியலின் நான்காம் நூற்பாவினை ஒருமுறை நோக்குதல் நன்று.